ஏழாவது படியில் நீலம்

ஓட்மார் க்ரைனர் யாரையும் நம்பமாட்டான். பால்காரரை நம்பமாட்டான், தபால்காரரை நம்பமாட்டான். தன் படத்தைக் காசு கொடுத்து வாங்க வருகிற ஆளைக்கூட உட்காரச் சொல்வதற்கு முன்னால், "உங்களை யார் அனுப்பினாங்க?" என்றுதான் கேட்பான். கூரையடியில் இருந்த ஓவிய அறையைப் பூட்டிவிட்டு இறங்கும்போது கதவிடுக்கில் ஒரு தலைமுடியை எச்சில் தொட்டு ஒட்டுவான். திரும்பி வந்ததும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்த முடி அப்படியே இருக்கிறதா என்று பார்ப்பான். ஐம்பத்து மூன்று வயது மனுஷன், கலைப் பள்ளியில் ஆசிரியர், பாரிசில் படம் விற்றவன். அவனிடம் படிக்கிற பிள்ளைகள், க்ரைனர் தன் நிழலிடமே அடையாள அட்டை கேட்பார் என்று சொல்லிச் சிரிப்பார்கள்.

சிரிக்கட்டும். அவன் அப்படி ஆனதற்குக் காரணம் இருந்தது. அந்தக் காரணத்தின் பெயரும் தனக்குத் தெரியும் என்றே பத்தொன்பது வருஷம் நினைத்திருந்தான். தரைத்தளத்தில் குடியிருந்த பவுலினே ரெட்டன்மயர் அம்மாள்தான் அது.

ஓட்மார் எஸ்லிங்கன் பக்கத்துத் திராட்சைத் தோட்டக்காரர் மகன். மகன் பீப்பாய் செய்யக் கற்றுக்கொள்ளட்டும் என்று அப்பா பட்டறைக்கு அனுப்பினால், இவன் பீப்பாய் மூடிகளில் வட்டம் வட்டமாகச் சாயம் பூசிக்கொண்டிருந்தான். பட்டறைக்காரர் காதைப் பிடித்துக் கொண்டுவந்து வீட்டில் விட்டுவிட்டுப் போனார். இருபத்து மூன்று வயதில் ஸ்டுட்கார்ட்டில் முதல் கண்காட்சி. மரமில்லை, மாடில்லை, மனுஷ முகமில்லை, நீலத்துக்குள் இன்னொரு நீலம், அவ்வளவுதான். ஒன்றுகூட விற்கவில்லை. ஆனால் பார்த்தவர்கள் வீட்டுக்குப் போயும் அதைப் பற்றிப் பேசினார்கள்.

பிறகு பழுப்புச் சட்டை போட்ட கட்சிக்காரர்களின் காலம் வந்தது. சீர்கெட்ட கலை என்று சொல்லி அவன் படங்களைச் சுவரிலிருந்து இறக்கினார்கள். 1939-ல் ஒரு கடிதம் வந்தது. இனி அவன் படத்தை விற்கக் கூடாது, காட்டக் கூடாது, வரையவே கூடாது. சொன்னபடி கேட்கிறானா என்று பார்க்க இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரண்டு ஆட்கள் வருவார்கள். தூரிகை ஈரமாக இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்ப்பார்கள். டர்பன்டைன் வாசனை வருகிறதா என்று அலமாரிக்குள் தலையை விட்டு மோந்து பார்ப்பார்கள்.

ஓட்மார் சுவர்க்காகிதத் தொழிற்சாலையில் சாயம் கலக்கும் வேலையில் சேர்ந்தான். அது பசைச்சாயம், வாசனை கிடையாது. ஜாம் பாட்டிலில் கொஞ்சம் நீலத்தை ஊற்றி, வாயை மெழுகுத்தாளால் கட்டி, கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு மூன்று மாடி ஏறி, துணி காயப்போடுகிற கூரையடி அறைக்குப் போய்விடுவான். அங்கே புகைபோக்கிக்குப் பின்னால் உட்கார்ந்து வரைவான். வரைந்ததை உத்தரத்துக்கும் ஓட்டுக்கும் நடுவே செருகுவான். மூன்று வருஷத்தில் முப்பத்தொரு படம்.

1942, ஈஸ்டருக்கு அடுத்த வெள்ளிக்கிழமை அந்த ஆட்கள் வந்தார்கள். இந்த முறை வீட்டுக்குள் நுழையவே இல்லை. நேராக மேலே ஏறினார்கள், நேராகப் புகைபோக்கிக்குப் பின்னால் போனார்கள், முப்பத்தொன்றையும் உருவி எடுத்துக்கொண்டு போனார்கள். அவை என்ன ஆயின என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. ஓட்மாரைத் தொழிற்சாலையிலேயே பிடித்தார்கள். நான்கு மாதம் சிறை, பிறகு ரஷ்யப் போர்முனை. அங்கே உறைபனி அவன் காலில் இரண்டு விரல்களைத் தின்றது.

சிறையில் மனைவி லிடியா பார்க்க வந்தபோது அவன் கேட்டது தன் உடம்பைப் பற்றியும் இல்லை, அவள் சாப்பாட்டைப் பற்றியும் இல்லை.

"நேராவா மேல போனாங்க?"

"நேராத்தான் போனாங்க."

"அந்த வாரம் அட்டை யார் வீட்டுல தொங்குச்சு?"

லிடியா கம்பியைப் பார்த்தாள். பிறகு, "ரெட்டன்மயர் வீட்டுல" என்றாள்.

எங்கள் ஊரில் வாடகையைக்கூட ஒரு மாதம் தள்ளிப் போடலாம். படி வாரத்தைத் தள்ள முடியாது. வாரத்துக்கு ஒரு வீடு என்று முறைவைத்து மாடிப்படி, நிலவறை, கூரையடி எல்லாவற்றையும் பெருக்கித் துடைக்க வேண்டும். எந்த வீட்டின் முறையோ அந்த வீட்டுக் கதவில் அந்த அட்டை தொங்கும். அட்டை தொங்குகிற வீட்டுக்காரிக்கு அந்த வாரம் கூரையடியில் துடைப்பத்தோடு நிற்க எல்லா உரிமையும் உண்டு. புகைபோக்கிக்குப் பின்னால் எட்டிப் பார்க்கவும்தான். அதிலும் ரெட்டன்மயர் அம்மாளின் புருஷன் காட்லோப் யார்? அந்தத் தெருவுக்குக் கட்சியின் கண்காணிப்பாளர். யார் வீட்டில் எந்த வானொலி கேட்கிறது, யார் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை பங்கீட்டை மீறி இரட்டைக் கறி வேகிறது என்று எழுதிக் கொடுப்பதுதான் அவருக்கு உத்தியோகம். அந்தக் குளிர்காலத்தில் அவரும் போர்முனைக்குப் போய்விட்டார் என்பது உண்மைதான். அதனால் என்ன, மனைவி இல்லையா? ஓட்மாருக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

போர் முடிந்து அமெரிக்கர்கள் வந்தார்கள். யார் யார் கட்சிக்கு எவ்வளவு உழைத்தார்கள் என்று விசாரிக்கக் குழு அமைத்தார்கள். 1946-ல் ஓட்மார் நொண்டிக்கொண்டே போய் அந்தக் குழுவின் முன்னால் நின்றான். அட்டையைச் சொன்னான், காட்லோபைச் சொன்னான், முப்பத்தொரு படத்தையும் ஒவ்வொன்றாகச் சொன்னான். ரெட்டன்மயர் அம்மாள் எதிரே கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காட்லோப் அதற்குள் உக்ரைனில் மண்ணுக்குள் போயிருந்தார். சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று குழுத்தலைவர் கேட்டதற்கு, ஒன்றுமில்லை என்றார் அந்த அம்மாள். பார்த்துக்கொண்டிருந்த பள்ளிக்கூடப் பராமரிப்பு வேலை போயிற்று. அன்றிலிருந்து ஊரார் வீட்டுப் படிகளைக் கூலிக்குத் தேய்த்துத்தான் பிழைத்தார்.

ஓட்மாரின் நிலைமை ஏறிக்கொண்டே போனது. கித்தான் கிடைக்காத காலத்தில் மாவுச் சாக்கில் வரைந்தான். சாயம் கிடைக்காதபோது குண்டு விழுந்த வீடுகளின் செங்கல்லை இடித்துப் பசையில் குழைத்தான், தாரை உருக்கினான். நீலத்தை மட்டும் அதற்குப் பிறகு தொடவே இல்லை. படம் முழுக்கக் கறுப்பு, ஓரத்தில் மட்டும் விரலகலத்துக்கு ஒரு வெளிச்சக் கோடு. நூற்றுக்கணக்கில் அதையேதான் வரைந்தான். விமர்சகர்கள் எல்லையின்மை என்றார்கள், நம்பிக்கைக் கீற்று என்றார்கள். அடப் பாவமே! அது ஒரு கதவு. ஒருக்களித்துத் திறந்திருக்கும் கதவு, அதன் பின்னால் நின்று யாரோ பார்க்கிறார்கள். தினமும் ரெட்டன்மயர் அம்மாள் வீட்டைத் தாண்டிப் போகும்போது அவன் ஓரக்கண்ணால் பார்க்கிற கதவு அதுதான். பதினைந்து வருஷமாக அந்தக் கதவுக்கு அவன் ஒரு காலை வணக்கம் சொன்னதில்லை.

1961 வசந்தத்தில் அவன் வாழ்நாள் படங்களை எல்லாம் சேர்த்துப் பெரிய கண்காட்சி ஏற்பாடாயிற்று. அதற்கான புத்தகத்தை டாக்டர் ஹோன் என்ற இளம் கலை அறிஞர் எழுதினார். ஓட்மார் அவரையும் மூன்று மாதம் சந்தேகப்பட்டு, அவருடைய அப்பா போர்க்காலத்தில் எங்கே இருந்தார் என்று விசாரித்துத் தெரிந்துகொண்ட பிறகுதான் வாயைத் திறந்தான். அச்சுப் பிரதி திங்கட்கிழமை வந்தது. வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துப் போட்டுத் திருப்ப வேண்டும். பன்னிரண்டாம் பக்கத்தில் அந்த வரி இருந்தது: "1942-ல், கட்சிக் கண்காணிப்பாளரின் மனைவி பவுலினே ரெட்டன்மயர் காட்டிக்கொடுத்ததால், முப்பத்தொரு படங்கள் பறிமுதலாயின."

ஓட்மார் அதை லிடியாவுக்கு உரக்க வாசித்துக் காட்டினான். புத்தகத்தில் ஏறிவிட்டால் ஏறியதுதான், அவன் செத்த பிறகும் நூலகங்களில் அந்தப் பெயர் இருக்கும். அதை நினைக்கவே அவனுக்கு இனித்தது. லிடியா உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். கத்தி நின்றது.

"பேரு வேண்டாமே" என்றாள்.

"ஏன் வேண்டாம்?"

"கிழவி. இன்னும் எத்தனை நாளைக்கு இருக்கப் போறா? விட்டுடு."

"விசாரணையில நான் அவளுக்கு எதிராச் சாட்சி சொல்லும்போது நீ ஒண்ணும் சொல்லலையே. இப்ப என்ன?"

அவள் அடுத்த கிழங்கை எடுத்து உரிக்கத் தொடங்கினாள். ஓட்மாருக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. செவ்வாய்க்கிழமை முழுக்க மனைவியைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தான். கீழே போகும்போது அவள் அந்தக் கதவருகில் மெதுவாக நடக்கிறாளா? நடந்தாள். கடைக்குப் போனவள் இரண்டு முட்டைகோசு வாங்கி வந்தாளே, ஒன்று எங்கே? கிழவி அழுது காலில் விழுந்திருப்பாள், இவள் இரங்கியிருப்பாள், அல்லது கிழவி ஏதோ மிரட்டியிருப்பாள் என்று என்னென்னவோ ஓடிற்று அவன் மண்டைக்குள். ஹோன்கூட இதில் கூட்டாக இருக்கலாம் என்று புதன்கிழமை காலையில் ஒரு நிமிஷம் தோன்றியது. அப்புறம் அவனுக்கே வெட்கமாகிவிட்டது.

வியாழக்கிழமை அச்சுப் பிரதியைச் சுருட்டிக்கொண்டு கீழே இறங்கினான். அந்த வரியை அவள் முகத்துக்கு நேராக வாசிக்க வேண்டும், அப்போது அந்த முகம் எப்படிப் போகிறது என்று பார்க்க வேண்டும். கதவைத் தட்டினான். ரெட்டன்மயர் அம்மாள் திறந்தார். எழுபது வயது, சலவைச் சோடாவில் ஊறிச் சிவந்த கை. உள்ளே வா என்று சொல்லவில்லை. இவனும் எதிர்பார்க்கவில்லை. நின்றபடியே வாசித்தான்.

முகத்தில் ஒன்றும் ஆகவில்லை. அந்த அம்மாள் காதைச் சற்றுச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "எந்த வாரம்னு போட்டிருக்கா?" என்றார்.

"ஈஸ்டருக்கு அடுத்த வாரம். உங்க கதவுலதான் அட்டை தொங்குச்சு."

"தொங்குச்சு. நான்தான் இங்க இல்லை. பாக்நாங்ல என் தங்கச்சி மகளுக்குப் பிரசவம். திங்கள் போயி ஞாயிறு வந்தேன். படி வாரத்தை உங்க வீட்டுக்காரிகிட்ட மாத்திக்கிட்டேன். அட்டையைக் கழற்றி மாட்டினா மூணாவது மாடிக்காரி ஏன் எதுக்குன்னு துளைப்பா. அதனால அது இருந்த இடத்துலயே இருந்துச்சு."

ஓட்மார் நம்பவில்லை. அவன் நம்பிவிட்டால் அப்புறம் ஓட்மார் என்ன? இதை ஏன் விசாரணையில் சொல்லவில்லை என்று எகிறினான்.

"என்னன்னு சொல்றது? அன்னிக்கு அந்தக் கூடத்துல ஏறின ஒவ்வொருத்தரும் யாரையோ காப்பாத்தினதாச் சொன்னவங்கதான். கண்காணிப்பாளர் பொண்டாட்டி நானும் ஒருத்தரைக் காப்பாத்தினேன்னா, நீங்க நம்பியிருப்பீங்களா?"

"காப்பாத்தினீங்களா? யாரை?"

அப்போதுதான் அந்த அம்மாளுக்குக் கோபம் வந்தது. குரல் உயரவில்லை, கை மட்டும் கதவு விளிம்பை இறுக்கிப் பிடித்தது.

"உங்க பாட்டில் ஒழுகும், ஹெர் க்ரைனர். தெருவாசல்லேர்ந்து கூரையடி வரைக்கும் சொட்டு சொட்டா நீலம். மூணு வருஷம் நான் தினமும் தேய்ச்சேன். என் வாரம், அடுத்தவ வாரம்னு பார்க்கலை. காட்லோப் ஒரு தடவை என்னடி தேய்க்கிறேன்னார். துணிக்குப் போடுற நீலம் கொட்டிடுச்சுன்னேன். அவர் பார்த்தா எழுதிக் கொடுக்கணும். எழுதிக் கொடுத்துட்டு எனக்கு எதிரே உட்கார்ந்து சூப் குடிக்கணும். எனக்கு அது வேண்டாம்னு இருந்துச்சு. அவ்வளவுதான். மத்ததை உங்க வீட்டுக்காரிகிட்ட கேளுங்க. ஏழாவது படியில பலகை விரிஞ்ச இடத்துல பாருங்க, இன்னும் இருக்கும்."

கதவு சாத்திக்கொண்டது. ஓட்மார் படியேறினான். அந்த வீட்டில் முப்பது வருஷமாகக் குடியிருக்கிறான், எத்தனை ஆயிரம் தடவை ஏறி இறங்கியிருப்பான், ஒருநாளும் தரையைப் பார்த்து நடந்ததில்லை. படி தேய்ப்பது பெண்கள் பாடு, அதில் ஓவியனுக்கு என்ன இருக்கிறது? ஒன்று, இரண்டு என்று எண்ணினான். ஏழாவது படியில் குந்தினான். பலகை விரிந்த இடுக்கில், சுண்டுவிரல் நகமளவு, அவனுடைய நீலம். வேறு யாருடையதும் இல்லை. அதில் கொஞ்சம் புகைக்கரி சேர்த்துக் கலப்பது அவன் ஒருவன்தான். 

மேலே லிடியா அடுப்பருகில் நின்று மாவைச் சீவிச் சீவிக் கொதிநீரில் தள்ளிக்கொண்டிருந்தாள். திரும்பி அவன் முகத்தைப் பார்த்தாள், கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். 

"அந்த வாரம் வியாழக்கிழமை சொட்டு கிடந்ததைப் பார்த்தேன்" என்றாள். "சனிக்கிழமைதானே படி துடைப்போம், அப்ப துடைச்சுக்கலாம்னு விட்டுட்டேன். அவ தினமும் தேய்க்கிறான்னு எனக்குத் தெரியாது, ஓட்மார். சத்தியமாத் தெரியாது. வெள்ளிக்கிழமை அவங்க வந்தாங்க. ஒருத்தன் குனிஞ்சு விரலால தொட்டான். வழி காட்டியே வெச்சிருக்கீங்களே அம்மான்னு என்னைப் பார்த்துச் சிரிச்சான்."

"பத்தொன்பது வருஷம்" என்றான் அவன்.

"கம்பிக்கு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டு நீ அட்டையைத்தான் கேட்ட. அட்டை அங்கதானே தொங்குச்சு? அப்புறம் சொல்லிடலாம்னு நினைச்சேன். விசாரணைக்கு முந்தின நாள்கூட வாய் வரைக்கும் வந்துச்சு. நம்ம பொண்ணு ஹெட்விக் அப்ப வயித்துல ஏழு மாசம். சொன்னா நீ என்னைப் பார்க்கிற பார்வை இருக்கே, அதுக்குப் பயந்தேன்." அவள் இடுப்பில் கட்டியிருந்த துணியால் கையைத் துடைத்தாள். "இதோ, இப்ப பார்க்கிறியே, இதுதான்."

ஓட்மாருக்கு அவளைத் திட்ட வேண்டும் போல இருந்தது. அதைவிட, ஒரு பாட்டிலின் வாயை ஒழுங்காகக் கட்டத் தெரியாத தன்னைச் செருப்பால் அடிக்க வேண்டும் போல இருந்தது. காட்டிக்கொடுத்தவர் என்று ஒருவருமே இல்லை. எத்தனை வருஷம் கறுப்புக் கறுப்பாக எதை வரைந்தான்? அவன் ஏறிப்போனதும் படியைத் துடைக்கக் கிழவி திறந்து வைத்த கதவை. சட்டியில் மாவு பொங்கி அடுப்பில் வழிந்தது, இருவருமே நகரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஹோனுக்குத் தொலைபேசியில் சொன்னான். அந்த வரியை அடித்துவிட்டு வேறு எழுத வேண்டும்: 1942-ல் தன் கவனக்குறைவால் படங்கள் பறிபோயின. 1946-ல் குற்றமில்லாத பவுலினே ரெட்டன்மயருக்கு எதிராகத் தான் சாட்சி சொல்லி அவர் வேலை போனது. ஹோன் முதலில் சிரித்தார், பிறகு பதறினார். கண்காட்சி திறக்கிற நேரத்தில் இப்படி ஒரு வரியா, வாங்குகிறவர்கள் என்ன நினைப்பார்கள், பள்ளியில் என்ன சொல்வார்கள் என்று கெஞ்சினார். அச்சாகாவிட்டால் ஒரு படமும் வெளியே வராது என்று ஓட்மார் சொல்லிவிட்டான்.

"யாரோ உங்களை மிரட்டுறாங்களா, ஹெர் க்ரைனர்?" என்று கேட்டார் ஹோன்.

சந்தேகத்தின் குரல் இப்படித்தான் இருக்கும் என்பது ஓட்மாருக்கு முதல் தடவையாகக் காதில் விழுந்தது. இல்லை என்று சொல்லித் தொலைபேசியை வைத்தான்.

மறுநாள் சனிக்கிழமை. அந்த வாரம் அட்டை க்ரைனர் வீட்டில்தான். லிடியா வாளியில் வெந்நீர் ஊற்றிச் சோடா போட்டாள். ஓட்மார் வந்து வாளியைப் பிடித்தான். அவள் விடவில்லை. யாருக்குக் காட்டுவதற்கு என்று கேட்டாள். யாருக்குமில்லை என்றான். அவள் அவன் கையைப் பார்த்துவிட்டுப் பிடியை விட்டாள். இரண்டு நாளாக அவர்கள் இருவருக்கும் நடுவே நடந்த பேச்சு அவ்வளவுதான்.

கூரையடியிலிருந்து தொடங்கினான். மண்டி போட்டு, விரலில்லாத காலை ஒரு பக்கம் நீட்டிக்கொண்டு, ஒவ்வொரு படியாகத் தேய்த்தான். சத்தம் கேட்டு மூன்றாவது மாடிக் கதவு ஒருக்களித்தது. பிறகு இரண்டாவது மாடிக் கதவு. ஆம்பிளை படி தேய்க்கிறானாம், பெண்டாட்டி ஓடிப்போய்விட்டாளா, இல்லை உள்ளே செத்துக் கிடக்கிறாளா? ஒவ்வொரு இடுக்கிலும் ஒரு கண். ஓட்மார் நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஏழாவது படிக்கு வந்ததும் நின்றான். மணலைப் போட்டான், பிரஷ்ஷை இரண்டு கையாலும் அழுத்தித் தேய்த்தான், பேனாக்கத்தியை எடுத்துச் சுரண்டினான். கீழே கதவு திறந்தது. ரெட்டன்மயர் அம்மாள் வாசலில் நின்று பார்த்தார்.

"ஃப்ராவ் ரெட்டன்மயர்" என்று தொடங்கினான். பதினைந்து வருஷம் சொல்லாத வணக்கமும், விசாரணைக் கூடமும், போன வேலையும் எல்லாம் ஒன்றாக முன்னால் வந்து நின்றன. "நான் உங்களுக்குச் செஞ்சது..."

"அது போகாது" என்றார் அந்த அம்மாள், அவன் கையிலிருந்த கத்தியைப் பார்த்து. "சோடா, மணல், கத்தி எல்லாத்தையும் நான் பார்த்துட்டேன். மீதிப் படியைத் தேய்ங்க."

சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். இந்தத் தடவை இடுக்கு இல்லை, தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது. ஓட்மார் வாளியைத் தூக்கிக்கொண்டு ஆறாவது படிக்கு இறங்கினான்.